‘அவங்க எல்லாம் அப்படித்தான்’ என்று வாயில் வரும்போது செய்ய வேண்டியவை

ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு மெடிக்கல் கடையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு. போன ஐப்பசியில் ஒரு சாயந்திரம், கம்பெனி பஸ்கள் ஆட்களை இறக்கிவிட்டுப் போகிற நேரம், கடை முன்னால் நல்ல கூட்டம். இருபது வயசு இருக்கும் ஒரு பெண் கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில் "க்யா ஹுவா?" என்றேன். கடைவாய்ப் பக்கம் விரலை வைத்து "பல்" என்றாள். பக்கத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்த அண்ணன் ஒருத்தர், "பரவாயில்லையே, வடக்கத்திப் பொண்ணு தமிழ் கத்துக்கிச்சே" என்றார். கூட வந்த தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் இங்கே மூணு வருஷமாக இருப்பவள், தமிழ் ஓரளவு வரும். "தமிழ் இல்லண்ணா, எங்க பாஷையிலயே பல்லுக்குப் பல்தான்" என்றாள். இரண்டு பேரும் ஜார்க்கண்ட், கும்லா மாவட்டம், ஒராவோன் பழங்குடி. பேசுவது குடுக் மொழி.

அன்று ராத்திரி கடையை மூடிவிட்டுத் தேடிப் படித்தேன். குடுக் ஒரு திராவிட மொழி, தமிழுக்குச் சொந்தக்கார மொழி. பல் அவர்களுக்கும் பல்தான், கண்ணைக்கூட ஏறக்குறைய நம்மைப் போலவே, முதல் எழுத்தை மட்டும் தொண்டையிலிருந்து அழுத்திச் சொல்கிறார்கள். இத்தனை நாளாக அந்தப் பெண்களை நான் ‘இந்திக்காரங்க’ என்று ஒரே டப்பாவில் போட்டு மூடி வைத்திருந்தேன். அவர்களுக்கும் இந்தி வெளியில் கற்றுக்கொண்ட பாஷைதான்.

அதற்கப்புறம் இந்தப் பழக்கத்தை விட நான் என்னென்ன செய்து பார்த்தேன், எது வேலை செய்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடை, வாடகை வீடு, குடும்ப வாட்ஸ்அப் குரூப், டீக்கடை என்று நம் மாவட்டங்களில் தினமும் நடக்கிற விஷயங்களை வைத்தே சொல்கிறேன்.

முதலில் வார்த்தைகளை எண்ணுங்கள்

ஒரு வாரம் போதும். பழைய பில் புக்கின் பின்பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு ஆளைப் பற்றி ஊரையோ நிறத்தையோ முகத்தையோ வைத்து வாயில் சொன்னாலும் மனசில் நினைத்தாலும் ஒரு கோடு போட்டேன். வடக்கன், பான்பராக், சேட்டு, கூர்க்கா, சைனாக்காரன், நீக்ரோ, லம்பாடி மாதிரி, குறவன் மாதிரி. முதல் நாளே பதினேழு கோடு. நான் யாரையும் திட்டுகிற ஆள் இல்லை என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். கோடு போடுகிறவருக்கு இது வலிக்கும், ஆனாலும் போடுங்கள், எண்ணிப் பார்க்காமல் எதுவும் மாறாது.

அடுத்தது, ஒவ்வொரு வார்த்தைக்கும் உண்மையான பெயர் என்ன என்று தேடுங்கள். கூர்க்கா என்பது நேபாளத்தில் கோர்க்கா என்ற ஊரின் பெயரிலிருந்து வந்தது, ராணுவப் படைப்பிரிவுகளுக்கே அந்தப் பெயர் உண்டு. நாம் அதை ராத்திரியில் விசில் ஊதுகிறவருக்கும், அப்புறம் கண் சின்னதாக இருக்கிற எல்லோருக்கும் வைத்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற மணிப்பூர் பெண் எங்கள் கடைக்கு மருந்து வாங்க வருவார், அவரைப் பார்த்து "நேபாளமா, சைனாவா?" என்று கேட்காத ஆள் குறைவு. அவருடைய நாட்டைத்தான் நாம் தினமும் அவரிடமிருந்து பிடுங்குகிறோம். 2020 மார்ச்சில் கொரோனா வந்த சமயத்தில் வடகிழக்கு மக்களைப் பல ஊர்களில் ‘கொரோனா’ என்றே கூப்பிட்டுத் துரத்தினார்கள், மத்திய உள்துறையே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதவேண்டி வந்தது.

ஆப்பிரிக்கர்களைப் பற்றி நமக்கு இருக்கிறதெல்லாம் ‘நைஜீரியா’ என்ற ஒரே சொல், அதுகூடப் போதை மருந்துச் செய்தியிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவில் 54 நாடுகள் இருக்கின்றன. 2016 ஜனவரி கடைசியில் பெங்களூருவில் சூடான்காரர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வழியாக வந்த தான்சானியா மாணவியைக் கூட்டம் இழுத்துப்போட்டு அடித்தது. அவருக்கும் அந்த விபத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தோல் நிறம் ஒன்றுதான் ஒற்றுமை. எங்கேயோ இல்லை, நம் பக்கத்து ஊரில் நடந்தது இது.

அந்த இடத்தில் தர்மபுரி என்று போட்டுப் பாருங்கள்

இது எனக்கு ரொம்ப உதவியது. ‘வடக்கன் வந்தா திருட்டு வரும்’ என்று ஒரு வாக்கியம் வருகிறதா, வடக்கனை எடுத்துவிட்டு உங்கள் ஊரை வைத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

நமக்கு இது கற்பனை இல்லை. அப்பா 80களில் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குப் போனவர். அங்கே அவருக்குப் பெயர் ‘கொங்கா’. தமிழனைக் கேவலமாகச் சொல்கிற வார்த்தை அது. சித்தாளாக இருந்து கொத்தனார் ஆனார், மேஸ்திரி ஆனார், பெயர் மட்டும் மாறவில்லை. 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது தக்காளி லாரியில் காலிக் கிரேடுகளுக்கு நடுவே படுத்துக்கொண்டு ஓசூர் வந்து சேர்ந்தார். 2016 செப்டம்பரில் மறுபடியும் அதே கதை, டி.என். என்று நம்பர் பிளேட் இருந்த வண்டி எரிந்தது, அத்திப்பள்ளியில் பஸ் நின்றுபோய், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜுஜுவாடிக்கு நடந்து வந்தவர்களுக்கு நானே கடையிலிருந்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தேன். வண்டிக்குள் இருக்கிறவர் யார், என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு எழுத்து போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டுக்குள்ளேயும் நமக்கு ஒரு முத்திரை உண்டு. சென்னையில் படித்த காலத்தில் தர்மபுரி என்று சொன்னால் அடுத்த கேள்வி "வீரப்பன் ஊரா?" என்பதுதான். வீரப்பன் பிறந்த கோபிநத்தம் இன்றைக்குக் கர்நாடகத்தில் இருக்கிறது. 2004 அக்டோபரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதுதான் நம் பாப்பாரப்பட்டிப் பக்கம். ஆனால் பத்திரிகையும் டி.வி.யும் பத்திருபது வருஷம் காட்டிய படம் அப்படி, மாவட்டம் முழுக்கக் காடு, சந்தன மரம், துப்பாக்கி.

அந்தப் படத்தை நம்பிக் காக்கிச்சட்டை கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20. மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிற ஊர், சித்தேரி மலை அடிவாரம். சந்தனக் கடத்தல்காரர்கள் என்று ஊரையே ஒரே பெயரில் அழைத்து வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் உள்ளே போனார்கள். ஆண், பெண், கிழவர் பார்க்காமல் அடித்தார்கள், வீடுகளை உடைத்தார்கள், 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2011 செப்டம்பர் 29-ல். அதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பர் 29-ல். முப்பத்தொரு வருஷம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும். ‘மலைக்காரங்கன்னா மரம் வெட்டுறவங்க’ என்று அதற்கு முன்னால் எத்தனை டீக்கடையில், எத்தனை பஸ்ஸில் நாம் சாதாரணமாகப் பேசியிருப்போம். அந்தப் பேச்சு முன்னாலேயே இருந்ததால்தான் அந்த ஊர்ப் பெண்கள் சொன்னதை வெளியே நம்புவதற்கு அத்தனை வருஷம் ஆனது.

குறவர், நரிக்குறவர் கதையும் இதுதான். 1871-ல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்து, பிறப்பை வைத்தே ஆளைத் திருடன் என்று பதிவு செய்தான். சட்டம் போய் எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, வார்த்தை போகவில்லை. 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டரில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை முதலில் உள்ளே விடவில்லை. அந்த வீடியோவைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஊசி பாசி விற்கிற அம்மா பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் பையை மடிக்கு இழுத்துக்கொள்வதும் நாம்தான். அடுத்த தடவை பையை இழுக்காமல் இருங்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டியது.

ஃபார்வர்டு வந்தால்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இங்கேதான் உயிர் போகிறது.

2018 மே மாதம், ‘வடமாநிலக் கும்பல் குழந்தை கடத்த வந்திருக்கு’ என்று ஆடியோவும் படமும் வீடு வீடாகச் சுற்றியது. ஊத்தங்கரை தாண்டிப் போனால் திருவண்ணாமலை மாவட்டம், அங்கே போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் அடித்ததில் அந்தப் பாட்டி இறந்துபோனார். வடக்கைப் பற்றிய பயம், செத்தது தமிழ்ப் பாட்டி. வாட்ஸ்அப் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது அந்த ஜூலையில்தான். அதற்கும் முன்னால், 2012 ஆகஸ்டில், தாக்கப் போகிறார்கள் என்று எஸ்.எம்.எஸ். பரவி, பெங்களூருவிலிருந்து ஆயிரக்கணக்கான வடகிழக்கு மக்கள் குவாஹாட்டி ரயிலில் ஏறி ஓடினார்கள். 2023 மார்ச்சில் திசை திரும்பியது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளிகளைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் அங்கே பரவின, வேறு எங்கேயோ நடந்தவற்றை எடுத்து ஒட்டியது. தமிழகப் போலீஸ் பொய் என்று அறிவித்தது, பீகார் அரசு குழுவை அனுப்பிப் பார்த்தது. அந்த வாரம் எங்கள் கடைக்கு வந்த பையன்கள் போனைக் காதை விட்டு எடுக்கவே இல்லை, ஊரில் அம்மா அழுதுகொண்டே இருந்தாள் என்று ஒருத்தன் சொன்னான். அப்போது நாம் மொத்தப் பேரும் கொலைகாரர்கள் என்ற டப்பாவில் இருந்தோம்.

ஆகவே வீடியோ வந்ததும் முதலில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது பல கை மாறி வந்தது. அப்புறம் சத்தத்தை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் பாருங்கள். பின்னால் இருக்கிற கடைப் பலகை எந்த மொழி, வண்டி நம்பர் எந்த மாநிலம், போலீஸ் சீருடையும் தொப்பியும் நம்முடையதா. மேலே ஒட்டின குரல்தான் பெரும்பாலும் நம்மை ஏமாற்றுகிறது. ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பழைய வீடியோவா என்பது பல சமயம் தெரிந்துவிடும். அதிலும் புரியவில்லையா, மாவட்டப் போலீஸ் பக்கத்தைப் பாருங்கள் அல்லது 100-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். காலை வரைக்கும் அனுப்பாமல் வைத்திருந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

அனுப்பியவர் மாமாவாகவோ பெரியப்பாவாகவோ இருந்தால் குரூப்பில் எல்லோர் முன்னாலும் ‘பொய்’ என்று அடிக்காதீர்கள், அவர் மானப் பிரச்சினை ஆக்கிவிடுவார். தனியாக அனுப்புங்கள். நான் அனுப்புவது இப்படி: "மாமா, அந்த வீடியோல போர்டு எல்லாம் இந்தியில இருக்குங்க, நம்ம ஊர் இல்ல. பழசுன்னு தோணுது. நீங்களே எடுத்துட்டா நல்லா இருக்கும்." பத்தில் ஏழு தடவை எடுத்துவிடுகிறார்.

செய்தித்தாளுக்கும் ஒரு வழி உண்டு. ‘வடமாநில வாலிபர் கைது’ என்ற தலைப்பில் முதல் வார்த்தையை விரலால் மறைத்துப் படியுங்கள். அதே பக்கத்தில் நம்மூர்க்காரன் செய்த திருட்டுக்கு ‘தமிழ் வாலிபர்’ என்று போட்டிருக்கிறதா பாருங்கள், போட்டிருக்காது. இழிவுபடுத்தும் இடத்தில் ஆளின் சாதியையோ சமூகத்தையோ குறிப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும் என்று பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையே சொல்கிறது. ஆசிரியருக்கு ஒரு வரி மெயில் போடலாம், நான் இரண்டு தடவை போட்டிருக்கிறேன்.

நிறத்தைப் பற்றி

கருவாயா, பனங்கொட்டை, அட்டக்கறுப்பு. காமெடி சீனில் இதற்கு விழுகிற சிரிப்பு எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டுமானால் என் கடைக்கு வாருங்கள். பத்தாவது படிக்கிற பெண், கண்ணைத் தூக்காமல், "வெள்ளையாகுற க்ரீம்" என்று கேட்பாள். கூட வந்த அம்மா "இப்பவே போட்டாத்தானேங்க" என்பார். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது, 2020-ல் பெயரில் இருந்த ஃபேரை எடுத்துவிட்டு க்ளோ என்று வைத்தார்கள். எங்கள் கவுண்டரில் இன்றைக்கும் பழைய பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

சாதாரண க்ரீமைவிடப் பயமானது ஸ்டீராய்டு கலந்த ட்யூப். படைக்கும் அரிப்புக்கும் டாக்டர் எழுதுகிற மருந்தை, பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று மாசக்கணக்கில் முகத்தில் தடவுகிறார்கள். முதலில் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரியும், பரு கொப்பளிக்கும், முடி முளைக்கும், நிறுத்தினால் எரியும். 2018-ல் இந்த மாதிரி 14 மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை ஹெச்-சில் சேர்த்தார்கள். கேட்டால் கொடுக்காதீர்கள், கேட்காதீர்கள், ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரைப் பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் நான் சொல்வது: "நிறத்தைக் கொடுக்கிற செல் எல்லா மனுஷருக்கும் ஏறக்குறைய ஒரே அளவுதான் பாப்பா இருக்கு, சிலருக்கு அது அதிகமா வேலை செய்யுது, உன்னோடது நல்லா வேலை செஞ்சு உன்ன வெயில்லேர்ந்து காப்பாத்துது." வீட்டில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, குழந்தையைப் பார்த்ததும் நிறத்தைச் சொல்வதை நிறுத்துவது. ‘கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா’ என்பதும் சேர்த்துத்தான். அந்த ‘இருந்தாலும்’ அவளுக்குக் கேட்கும்.

வலியும் வாடகையும்

‘அவங்க உடம்பு தாங்கும்’ என்பது மருந்துக் கடையில் நிற்கிறவர்கள் அடிக்கடி சொல்வது. மலைவாசி, சித்தாள், பீகார் பையன், எல்லோருக்கும் இதுதான். 2016-ல் அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில், மருத்துவம் படிக்கிற வெள்ளைக்கார மாணவர்களிலும் பயிற்சி டாக்டர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேர், கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன் என்பது போன்ற பொய்களில் ஒன்றையாவது நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் அவர்கள் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள். படித்தவர்களுக்கே இந்த கதி. அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வருகிற இருளர் பெரியவர் "லேசா நோவுதுங்க" என்றால், அது லேசு இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். எத்தனை நாளாக, ராத்திரி தூங்கினீர்களா, சாப்பிட முடிகிறதா என்று எல்லோரிடமும் கேட்கிற அதே மூன்று கேள்வியை அவரிடமும் கேட்கிறேன்.

வாடகைக்கும் அதே விதி. புரோக்கர் "வடக்கன் வேணாம்தானே?" என்றால் "ஆதார், வேலை அட்டை, எத்தனை பேர், அட்வான்ஸ், இதைக் கேளுங்க, எல்லாருக்கும் கேளுங்க" என்று சொல்லிவிடுங்கள். நாட்டின் எந்த மூலையிலும் குடியிருக்கிற உரிமை அரசியலமைப்பின் 19-வது பிரிவில் இருக்கிறது.

உங்கள் முன்னால் யாராவது சொன்னால் வகுப்பு எடுக்காதீர்கள். "எந்த ஆளுங்கண்ணா? பேரு என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பெயர் இருக்காது, பேச்சு அங்கேயே நின்றுவிடும். உங்கள் வாயிலேயே வந்துவிட்டால், கேட்டவரிடம் "தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று முடித்துக்கொள்ளுங்கள், விளக்கம் நீள நீள அது உங்களைப் பற்றியதாகிவிடும். அடிதடி, மிரட்டல் என்று போனால் அது வேறு. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைச் சாதிப் பெயர் சொல்லி மற்றவர் முன்னால் இழிவுபடுத்தினால் 1989-ஆம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இனம், பிறந்த ஊர், மொழியை வைத்துப் பகையைத் தூண்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு. எழுதிக் கொடுங்கள், தேதியும் நேரமும் போட்டு.

கடையில் கவுண்டர் கண்ணாடிக்குக் கீழே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எத்தனை நாள் என்று கேட்க இந்தியில் ‘கித்னே தின்’, வங்காளத்தில் ‘கொதோ தின்’, ஒடியாவில் ‘கேதே தினா’, அசாமியாவில் ‘கிமான் தின்’. வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது, உச்சரிப்பைத் திருத்தியதும் அவர்கள்தான். அடுத்த வரிசையில் தலை, வயிறு, காய்ச்சல், பல். குடுக் மொழிக்கு ஒரு கட்டம் விட்டிருந்தேன். போன வாரம் அந்தக் கும்லா பெண், பல் பிடுங்கின வீக்கம் வடிந்து வந்தவள், பேனாவை வாங்கி நான் எழுதிக் காட்டிய தமிழைப் பார்த்துப் பார்த்து, ப, ல், என்று இரண்டு எழுத்தை அதில் எழுதிவிட்டுப் போனாள்.